தங்க அட்டைக்கு இருபத்துநான்கு ஏற்றம்

கண்டியிலிருந்து ஹந்தானைக்கு ஏறும் வீதியில், இரண்டாவது வளைவுக்கு மேலே உள்ள பச்சைக் கேற் வீட்டில், உட்காராத மனிதர் ஒருவர் இருந்தார். சாப்பாடு நின்றபடி. பேப்பர் வாசிப்பு நின்றபடி. ரேடியோவில் செய்தி கேட்பதும் நின்றபடிதான். பெயர் தியாகராஜா. நில அளவைக் கந்தோரில் படவரைஞராக இருந்து ஓய்வு பெற்றவர். அயலவர்கள் அவரை 'நிக்கிற ஐயா' என்பார்கள். அவரும் அதைப் பட்டம் மாதிரி ஏற்றுக்கொண்டுவிட்டார்.

இது அவருடைய மனைவி மங்களேஸ்வரியின் கதை. ஆனால் அவர் ஏன் நின்றார் என்று சொல்லாவிட்டால், இவர் ஏன் அந்த ஓட்டம் ஓடினார் என்பது விளங்காது.

எண்பத்துமூன்று ஆடியில் அவர்கள் நகரத்துக்குள் ஒரு மேல்மாடியில் வாடகைக்கு இருந்தார்கள். மங்களேஸ்வரி ஆஸ்பத்திரியில் நேர்ஸ். அன்று அவர் வாட்டில் வேலையில் நின்ற நேரம், கலவரக்காரர்கள் கீழே இருந்த கடைக்கு நெருப்பு வைத்தார்கள். படியால் இறங்க வழியில்லை. தியாகராஜா ஐந்து வயது மகள் சுகிர்தாவை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டு பின்பக்க ஜன்னலால் குதித்தார். பிள்ளை மேலே, தான் கீழே என்று முதுகடிபட விழுந்தார். பிள்ளைக்கு ஒரு கீறல் இல்லை. அவருடைய முள்ளந்தண்டில் இரண்டு எலும்பு நசிந்தது. அன்றிலிருந்து ஒரு மணித்தியாலத்துக்கு மேல் அவரால் உட்கார முடியாது. நிற்கலாம், தட்டையாகப் படுக்கலாம். நல்லகாலம், படவரைஞர் வேலை நின்று செய்யும் வேலை. பென்சன் வரை தள்ளிவிட்டார்.

மங்களேஸ்வரியை ஊர் 'மிஸி' என்றுதான் கூப்பிடும். பென்சன் எடுத்தபின் மிஸி வேறு ஒரு வேலையைத் தொடங்கினார். வெளிநாட்டில் பிள்ளைகள் இருப்பார்கள். தாய் தகப்பனைக் கூப்பிடுவார்கள். ஆனால் அந்தத் தாய் தகப்பன் பேராதனைக்கு அப்பால் தனியாகப் போகாதவர்களாக இருப்பார்கள். அப்படியானவர்களைக் கைப்பிடியில் கூட்டிக்கொண்டு பறந்து, பிள்ளையின் கையில் ஒப்படைத்துவிட்டு மிஸி திரும்பி வருவார். மாத்திரைக்கு மாத்திரை, கால் வீக்கத்துக்குத் தடவல், கக்கூசுக்குத் துணை, எல்லாம் அவர் பொறுப்பு. டிக்கெட்டைப் பிள்ளைகள் எடுப்பார்கள். எந்த விமானம் என்பதை மட்டும் மிஸிதான் சொல்லுவார். இந்தக் கடைசி வசனத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கதையே அதில்தான் இருக்கிறது.

இரண்டாயிரத்து ஐந்தின் கடைசி வாரத்தில் லண்டனிலிருந்து சுகிர்தா பேசினாள்.

"அம்மா, எல்லாம் சரிவந்திட்டுது. வாற தை இல்லை, அதுக்கடுத்த தையில கலியாணம். அவருக்கு இன்னும் விசாப் பேப்பர் கிடைக்கேல்லை, இங்கயிருந்து வெளிக்கிட ஏலாது. அதால லண்டனிலதான்."

"அப்பா?" என்றார் மிஸி.

சுகிர்தா சொன்னாள்: "அப்பா வந்து தாரை வாக்காட்டி நான் கழுத்தை நீட்ட மாட்டன். என்ன செய்வியளோ தெரியாது."

மகள் சொல்லிவிட்டாள். லண்டனுக்குப் போகப் பத்து மணித்தியாலத்துக்கு மேல் விமானத்தில் உட்கார வேண்டும். விமானத்தின் முன்பக்கத்தில் கட்டிலாக விரியும் கதிரைகள் இருப்பதை மிஸி நூறு தடவை கடந்து போயிருக்கிறார். அந்த டிக்கெட் வாங்குவதென்றால் வீட்டையும் விற்று, ஹந்தானை மலையில் பாதியையும் சேர்த்து விற்க வேண்டும்.

அடுத்த நாள் காலையிலேயே மிஸி கொட்டுகொடல்ல வீதியில் ஹபீலின் டிரவல்ஸில் போய் நின்றார். அங்கே டிக்கெட் போடும் பிள்ளை றம்லத். கெட்டிக்காரி, வாயும் பெரிது. விஷயத்தைக் கேட்டதும் அவள் கம்பியூட்டரை விட்டுவிட்டுக் கன்னத்தில் கைவைத்தாள்.

"மிஸி, நீங்க வருசத்துல அஞ்சு ஆறு வாட்டி பறக்குறீங்க. எந்த எயார்லைன்லயும் மெம்பர் இல்லியா? அல்லாவே! இவ்வளவு நாளும் பொயின்ட்ஸ் எல்லாத்தையும் கடல்ல கொட்டீக்கிறீங்களே!"

பிறகு அவள் விளக்கினாள். ஒரே நிறுவனத்தில் திரும்பத் திரும்பப் பறந்தால் வெள்ளி அட்டை, அதற்கு மேல் தங்க அட்டை. தங்கம் கிடைத்துவிட்டால் சாதாரண டிக்கெட் எடுத்தாலே முன்பக்கத்துக்கு ஏற்றிவிடுவார்கள். எத்தனை தடவை, யாரை, எப்படி என்பது ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒவ்வொரு சட்டம். மிஸி மூன்று நிறுவனங்களின் புத்தகங்களையும் அள்ளி ஹான்ட்பேக்கில் திணித்துக்கொண்டார். மேட்டில் ஏறும்போது அவருக்கு மூச்சு வாங்கவில்லை. ஐம்பத்தாறு வயதில் அப்படி ஓடி ஏறியதை அயலவர்கள் பார்த்துவிட்டு, யாருக்கோ சுகமில்லை என்றே நினைத்தார்கள்.

தியாகராஜா தன் வரைபலகையில் வெள்ளைத்தாள் ஒன்றை விரித்துக் குத்தினார். மூன்று நிரல் கீறினார். ஃபால்கன், ஓர்க்கிட், நெப்டியூன். ஒவ்வொன்றுக்கும் ஒரு மை நிறம். ஒரு விமானத்தில் ஏறி இறங்குவதை 'ஒரு ஏற்றம்' என்று எழுதினார். அன்றிலிருந்து அந்த வீட்டில் அதுவே பேச்சாகிவிட்டது. மூன்று நாள் அந்த வீட்டில் நேரத்துக்கு உலை வைக்கப்படவில்லை. புருஷனும் மனைவியும் ஒரே தாளில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு, புதுசாகக் கலியாணம் செய்தவர்களைப்போலச் சிரித்துக்கொண்டு நின்றார்கள்.

ஃபால்கன் வளைகுடாப் பக்கம் நின்று போவது. இருபது ஏற்றத்தில் தங்கம். அதாவது ஐந்து பயணம், வலு சுகம். ஹபீல் முதலாளியும் ஃபால்கன்தான் நல்லது என்று அடித்துச் சொன்னார். அவர்களுடைய ஓய்வறையில் பேரீச்சம்பழம் அளவில்லாமல் தருவார்களாம். மிஸிக்கும் வாய் ஊறியது. ஆனால் தியாகராஜா புத்தகத்திலிருந்த கதிரைப் படத்தின்மேல் பாகைமானியை வைத்துப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

"இது படுக்கையில்லை, சறுக்கு. பதினொரு பாகை சரிவு."

"பதினொண்டு ஒரு சரிவே? சும்மா இருங்கோ!"

"நீர் நம்பமாட்டீர். வாரும், காட்டுறன்."

கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்குக் கீழே பழைய நில அளவை அறிக்கைகளை அடுக்கி, பாகைமானியால் சரிபார்த்து, மனிதர் ஏறிப் படுத்தார். மிஸி கையில் மணிக்கூட்டோடு பக்கத்தில் நின்றார். கால் மணித்தியாலத்தில் ஐயா கால்மாட்டுப் பலகைவரை வழுகி வந்துவிட்டார். அரை மணித்தியாலத்தில் முகம் வெளிறியது. மிஸி சிரிப்பும் பயமுமாக அவரை இழுத்து எடுத்தார். ஃபால்கனின் நிரலில் சிவப்புக் கோடு விழுந்தது. போதாததற்கு, அங்கே அந்தக் கதிரை உறுப்பினருக்கு மட்டும்தான், கூட வருகிறவருக்குக் கிடையாது என்பதும் சின்ன எழுத்தில் இருந்தது.

ஓர்க்கிட் கிழக்கே போய்த் திரும்புவது. கதிரை தட்டை. யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம். அவர்கள் ஏற்றத்தை எண்ணுவதில்லை, தூரத்தை எண்ணுகிறார்கள். லண்டனுக்குக் கிழக்கால் சுற்றிப் போனால் தூரம் மலைபோலக் குவியும், நாலே பயணத்தில் தங்கம். மிஸிக்கு ஒரு இரவு முழுக்க அதே நினைப்பு. காலையில் எழும்பியதும் அவரே சிவப்புப் பேனையை எடுத்தார்.

"எழுபது வயது ஆக்களை ஒரு நாள் முழுக்கச் சுத்திக் கொண்டுபோய், கால் வீங்கப்பண்ணி, நான் அட்டை எடுக்கிறதோ? என்ர தொழிலுக்கு அது துரோகம்" என்றார். தியாகராஜா மனைவியைப் பார்த்த பார்வையில் பெருமை வழிந்தது.

மிஞ்சியது நெப்டியூன். ஐரோப்பாவில் ஒருமுறை மாறி ஏற வேண்டும். அந்தக் கடைசித் துண்டு ஒரு மணித்தியாலம்தான், அதை ஐயா உட்கார்ந்தே சமாளிப்பார். நீண்ட துண்டுக்குக் கதிரை மேசைபோலத் தட்டை. பாகைமானி பூச்சியம் காட்டியது. தங்க உறுப்பினருக்கு வருஷத்துக்கு இரண்டு கூப்பன், போக ஒன்று, வர ஒன்று. தன்னோடு கூட வருகிறவருக்கு அதைக் கொடுக்கலாம். ஒரேயொரு கஷ்டம்: ஜனவரியிலிருந்து டிசம்பருக்குள் இருபத்துநான்கு ஏற்றம். போய்வர நாலு. ஆக ஆறு பயணம், ஒன்று குறையாமல்.

"எடுப்பம்!" என்றார் மிஸி. மேசையில் அடித்த அடியில் மைக்குப்பி துள்ளியது.

உறுப்பினர் படிவத்தைத் தியாகராஜாதான் நிரப்பினார். அந்த வீட்டில் எந்தப் படிவத்தையும் அவர்தான் நிரப்புவார். அச்சடித்த மாதிரிக் கையெழுத்து. லைற் பில், தொலைபேசி, காஸ் சிலிண்டர், வாக்காளர் பட்டியல் எல்லாம் அவர் கைப்பட, அவர் பெயரில். இரண்டு கிழமையில் தபாலில் நீல அட்டை வந்தது. மிஸி அதைச் சாமிப்படத்தின் முன்னால் வைத்துக் கும்பிட்டுவிட்டு பேர்ஸுக்குள் வைத்தார்.

மாசியில் முதல் பயணம். சித்திரைக் கடைசியில் இரண்டாவது. ஆனியில் ஒன்று, ஆவணியில் ஒன்று. ஒவ்வொரு கவுண்டரிலும் மிஸி அட்டையை நீட்டுவார். அவர்கள் எதையோ தட்டிவிட்டுத் திருப்பிக் கொடுப்பார்கள். வீட்டுக்கு வந்ததும் ஐயா தாளில் நாலு கட்டத்துக்கு நீலம் தீட்டுவார். பதினாறு கட்டம் நீலமாகிவிட்டது. மிஸி சேலைக் கடைகளில் புகுந்து புகுந்து வந்தார். சுகிர்தாவோடு பேசும்போது, "அப்பாவுக்கு அளவெடுத்துக் கோட் தைக்கக் குடுத்திட்டன்" என்று சொல்லிச் சிரித்தார்.

புரட்டாதியில் ஒரு காலை மிஸி டிரவல்ஸுக்குப் போனார். "எத்தினை பொயின்ட்ஸ் எண்டு ஒருக்காக் கேளும் பிள்ளை, காதால கேட்டாச் சந்தோஷம்" என்றார். றம்லத் கொழும்பிலிருந்த நெப்டியூன் கந்தோருக்குத் தொலைபேசி எடுத்தாள். பேசப் பேச அவளுடைய முகம் சுருங்கியது. கையால் வாயை மூடிக்கொண்டு மிஸியைப் பார்த்தாள்.

"மிஸி... பூச்சியம் எண்டு செல்றாங்க."

"என்ன பூச்சியம்?"

"மெம்பர் மிஸ்டர் தியாகராஜாவாம். அவர் ஒரு வாட்டியும் ஏறல்லியாம்."

மிஸி பேர்ஸைத் திறந்து அட்டையை எடுத்துப் பார்த்தார். எட்டு மாதமாகக் கையில் வைத்திருந்த அட்டைதான். கணவனின் பெயர் பளபளவென்று இருந்தது. எட்டு மாதமும் அது அவருக்கு விசித்திரமாகப் படவேயில்லை. வீட்டுக்கு வரும் எந்தக் கடதாசியில்தான் அந்தப் பெயர் இல்லை? மிஸியின் பாஸ்போட்டிலும் முன்னால் தியாகராஜா என்றே இருந்ததால் கவுண்டரில் இருந்தவர்களுக்கும் உறைக்கவில்லை. கம்பியூட்டர் மட்டும் சத்தமில்லாமல் எல்லாவற்றையும் தள்ளி வைத்துவிட்டது. முப்பது வருஷம் இரத்தத்தையும் சீழையும் பார்த்துக் கலங்காத மிஸி, ஹபீலின் டிரவல்ஸில் கதிரையில் உட்கார்ந்து விக்கி விக்கி அழுதார்.

றம்லத் தொலைபேசியை விடவில்லை. கெஞ்சினாள், வாதாடினாள், கடைசியில் உருப்படியான ஒரு செய்தி எடுத்தாள். மிஸியின் பெயரில் புதுப் படிவம் போட்டால், கடந்த ஆறு மாதத்துப் பயணங்களைச் சேர்த்துக்கொள்வார்கள். போர்டிங் துண்டுகள் காட்ட வேண்டும். மாசிப் பயணம் போனது போனதுதான்.

வீட்டுக்கு வந்து மிஸி வெடித்தார்.

"உங்களுக்கு ஒரு படிவத்தைக் கண்டால் போதும், உங்கட பேரைக் குத்திப்போடுவியள்! பறக்கிறது நான், பேர் உங்களுக்கோ?"

தியாகராஜா வரைபலகையிலிருந்த தாளையும், தான் தீட்டிய பதினாறு நீலக் கட்டங்களையும் பார்த்துக்கொண்டு நின்றார். "என்ர கையால செய்த பிழை" என்றார் மெதுவாக. அவருடைய கண் கலங்கியதைக் கண்டதும் மிஸிக்கு இருந்த கோபமெல்லாம் வடிந்துபோயிற்று. "சரி, விடுங்கோ. நானும் தானே கும்பிட்டுப்போட்டு வாங்கினன்" என்றார். புதுப் படிவத்தை அவரே நிரப்பினார். அந்தக் கோழிக் கிறுக்கலைப் பார்க்க ஐயாவுக்கு உடம்பு கூசியது.

அடுத்தது துண்டுகள். பன்னிரண்டு வேண்டும். மிஸி ஒவ்வொரு பயணமும் முடிந்து வந்து ஹான்ட்பேக்கைக் கொட்டும்போது, ஐயா அவற்றைப் பொறுக்கிப் புத்தகங்களுக்கு அடையாளம் வைத்துவிடுவார். இருவருமாக அலுமாரியில் இருந்த புத்தகம் எல்லாவற்றையும் தலைகீழாகப் பிடித்து உதறினார்கள். பதினொன்று விழுந்தன. பன்னிரண்டாவது இல்லை. ஐயா நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"லைபிரரிப் புத்தகம்! போன மாசம் திருப்பிக் குடுத்திட்டன்!"

அரை மணித்தியாலத்தில் இருவரும் நகர நூலகத்தில் நின்றார்கள். கால்வாய் வெட்டுவதைப் பற்றிய தடித்த ஆங்கிலப் புத்தகம் அது. நல்லகாலம், கண்டியில் அவரைத் தவிர வேறு எந்த ஆத்மாவும் அதைத் தொடுவதில்லை. இருநூற்றுப் பதினோராம் பக்கத்தில் துண்டு அப்படியே இருந்தது. மிஸி நூலகம் என்றும் பாராமல் கத்திவிட்டார். மேசைகளிலிருந்த தலைகள் எல்லாம் திரும்பின.

இப்போது பன்னிரண்டு கையில். இன்னும் பன்னிரண்டு வேண்டும். மூன்று மாதம், மூன்று பயணம். ஆனால் கூட்டிப் போக ஆள் வேண்டுமே. யாழ்ப்பாணத்திலிருந்து வருவதாக இருந்த இரண்டு கிழவிகள் வரமுடியாமல் போய்விட்டது. சண்டை திரும்பத் தொடங்கி, யாழ்ப்பாணத்திலிருந்து இங்கே வரும் கண்டி வீதியையே ஆவணியில் மூடிவிட்டார்கள். நம்முடைய ஊரின் பெயரை வைத்துக்கொண்டிருக்கும் வீதி, நம்முடைய ஊருக்கு ஆள் வரவிடாமல் கிடந்தது.

மிஸி சும்மா இருக்கவில்லை. கோவில், தேவாலயம், பென்சன் எடுக்கும் வரிசை, பல் டொக்டரின் வாசல், எங்கே வயதானவர்களைக் கண்டாலும், "பிள்ளையள் வெளியிலயோ?" என்று தொடங்கிவிடுவார். ஐப்பசியில் கட்டுகஸ்தொட்டை ரீச்சர் ஒருவர் அகப்பட்டார். கார்த்திகை தொடக்கத்தில் பேராதனையிலிருந்து ஒரு விதவை அம்மா. இருபது கட்டம் நீலமாகியது. கடைசி நாலுக்கு ஒருவரும் இல்லை.

அப்போதுதான் றம்லத் ஒரு பெயர் சொன்னாள். மடுல்கெல்லப் பக்கத்துத் தோட்டத்தில் பழனியாண்டி என்று ஒருவர். தேயிலை ஃபக்டரியில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். மகன் பேர்மிங்ஹாமில் சமையற்காரன், தகப்பனைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறான். விசா எப்படியும் கிறிஸ்மஸுக்குக் கிட்டத்தான் வருமாம். மிஸி அன்றே பஸ் ஏறிவிட்டார்.

பழனியாண்டி தேத்தண்ணி கொடுத்து உபசரித்தார். விஷயத்தைக் கேட்டதும் கையைக் கூப்பிவிட்டார்.

"மன்னிச்சுக்கங்க மிஸி. மார்கழி பொறந்துட்டா நான் ஊரு பயணம் கெளம்பமாட்டேன். பொங்கல் கழியட்டும், போவோம்."

பொங்கல் கழிந்தால் ஜனவரி பாதி. எல்லாம் வீண். மிஸி எழும்பிப் போகத்தான் பார்த்தார். ஆனால் மனம் கேட்கவில்லை. திரும்ப உட்கார்ந்து, மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னார். நெருப்பு, ஜன்னல், முதுகு, மகள், இருபது நீலக் கட்டம், மிச்சம் நாலு.

"என்ர தேவைக்குத்தான் ஐயா கேக்கிறன். உங்களுக்கு மனமில்லாட்டி வேண்டாம்" என்று முடித்தார்.

பழனியாண்டி வெகுநேரம் தாடையைச் சொறிந்தார்.

"அப்ப நான் ஏரோப்ளேன் ஏறுனா, ஒரு மனுசன் படுத்துக்கிட்டே மக கல்யாணத்துக்குப் போவாரு?"

"ஓம்."

"இதுல ஒரு வழி இருக்குங்க. கார்த்திகை முடியிறதுக்குள்ள நான் மூட்டை முடிச்சோட தோட்டத்த விட்டு எறங்கிட்டா, பயணம் கெளம்புனது கார்த்திகையிலதானே? நடுவுல உங்க வீட்டுல தங்குனா அது வழித்தங்கல். சாமி குத்தம் இல்லீங்க."

மிஸிக்கு அந்தக் கிழவரைக் கட்டிப்பிடிக்க வேண்டும்போல் இருந்தது.

கார்த்திகை கடைசி நாள், நல்ல நேரம் பார்த்து, தேங்காய் உடைத்துக்கொண்டு பழனியாண்டி தோட்டத்தை விட்டு இறங்கினார். பச்சைக் கேற் வீட்டில் பன்னிரண்டு நாள் 'வழியில்' தங்கினார். விடியற்காலையில் எழும்பிக் குளித்து, பஜனைப் பாட்டுப் பாடி ஹந்தானை வீதியையே எழுப்பினார். நிக்கிற ஐயா நிற்க, இவரும் மரியாதைக்காக நின்றே பேசி, மூன்றாம் நாள் முழங்கால் பிடித்துக்கொண்டது. அதற்கும் மிஸிதான் எண்ணெய் தடவினார். விசா வருமா வருமா என்று மூவரும் கேற்றைப் பார்த்தபடி இருந்தார்கள். நத்தாருக்கு மூன்று நாள் முன்னால் வந்தது. இருபத்தேழாம் திகதி பறந்தார்கள். மகன் பழனியாண்டியைக் கண்டு காலில் விழுந்ததை நின்று பார்க்கவும் மிஸிக்கு நேரமில்லை; அடுத்த விமானத்துக்கு ஓடினார். முப்பதாம் திகதி பகல் கட்டுநாயக்கவில் இறங்கினார். இருபத்துநான்கு.

தை பிறந்த கிழமை றம்லத் வேர்க்க விறுவிறுக்க மேடேறி வந்து, கேற்றில் நின்றே கத்தினாள்.

"மிஸி! கோல்ட்! மிஸிஸ் தியாகராஜா மங்களேஸ்வரி எண்டே போட்டீக்கி! ரெண்டு கூப்பனும் வந்தீக்கி!"

அவளை உள்ளே இழுத்து வாயில் சீனியைப் போட்டார் மிஸி. தியாகராஜா அட்டையை வாங்கி, பெயரை எழுத்து எழுத்தாக இரண்டு தடவை வாசித்தார்.

ஜனவரிக் கடைசியில் வான் ஒன்றின் பின்சீற்றில் மெத்தை போட்டு ஐயாவைக் கிடத்திக்கொண்டு புறப்பட்டார்கள். வழியில் இரண்டு செக்பொயின்ற். ஒன்றில் ஆமிக்காரப் பொடியன் கதவைத் திறந்து, படுத்துக்கிடந்தவரைக் கண்டு துவக்கை நிமிர்த்தினான். மிஸி ஆஸ்பத்திரிக் கடிதத்தையும் மகளின் கலியாண அழைப்பிதழையும் நீட்டி, சிங்களத்தில் விளக்கினார். அவன் அழைப்பிதழைப் புரட்டிப் பார்த்துவிட்டு, போங்க என்று கையைக் காட்டினான்.

விமானத்தின் வாசலில் அவர்கள் பிரிந்தார்கள். அவருக்கு இடப்பக்கம். இவருக்கு வலப்பக்கம், நாற்பத்தோராம் வரிசை, இரண்டு பேருக்கு நடுவில். கூப்பன் ஒருவருக்குத்தானே. மிஸி பெல்ட்டைப் போட்டுக்கொண்டு, முன்பக்கத்தை நினைத்தபடியே இருந்தார். ஏறும்போது முதுகு குலுங்கியிருக்குமோ? கதிரையை விரிக்கத் தெரியுமோ? மாத்திரையை எடுத்தாரோ? நாலு மணித்தியாலம் பொறுத்துப் பார்த்தார். அதற்குமேல் முடியவில்லை, எழும்பி முன்னால் நடந்தார்.

திரைச்சீலையடியில் பணிப்பெண் மறித்தாள். சிரித்த முகத்தோடு, இந்தப் பக்கம் வரக்கூடாது என்றாள். மிஸி பேர்ஸில் அட்டையைத் தேடிக்கொண்டிருக்கும்போதே, உள்ளேயிருந்து தியாகராஜாவின் குரல் கேட்டது. ஆங்கிலத்தில், கந்தோர்க் காலத்து மிடுக்கோடு வந்தது அந்தக் குரல்.

"அவரை உள்ளே விடுங்கள். அவர்தான் உங்களுடைய உறுப்பினர். நான் அவரோடு கூட வந்த ஆள்."

பணிப்பெண் தன் கையிலிருந்த தாளைப் பார்த்தாள். அதில் அப்படித்தான் எழுதியிருந்தது. திரையை விலக்கிவிட்டாள்.

ஐயா கதிரைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். முகத்தில் வலி இல்லை; நல்லாய்த் தூங்கி எழும்பிய முகம். விரித்த படுக்கையில் போர்வையை நீவிச் சரிசெய்து, தலையணையைத் தட்டி வைத்திருந்தார்.

"நாலு மணித்தியாலம் தட்டையாக் கிடந்திட்டன், ஈஸ்வரி. சொர்க்கம். இப்ப நீர் படும்."

"விசரே உங்களுக்கு? இது உங்களுக்கு எடுத்த இடம். நான் சும்மா பாக்க வந்தனான்."

"இருபத்துநாலு ஏற்றம் குந்தியிருந்தே வந்தனீர். ஒருக்காலும் படுக்கேல்லை. எனக்கு நிக்கிறது பழக்கம்தானே? படுமெண்டா!"

மிஸி பணிப்பெண்ணைப் பார்த்தார். அவள் கொஞ்ச நேரம்தான் என்று சைகை காட்டிவிட்டு, இன்னொரு போர்வை கொண்டுவந்து தந்தாள். மிஸி செருப்பைக் கழற்றிவிட்டுப் படுத்தார். காலை நீட்டினார், நீட்டியும் எதிலும் இடிக்கவில்லை. ஒரு நிமிஷம் படுத்துவிட்டு எழும்புவோம், மனிதர் எவ்வளவு நேரம்தான் நிற்பார் என்று நினைத்தார். அந்த நினைப்பு முடிவதற்குள் நித்திரையாகிவிட்டார். தியாகராஜா, வரைபலகைக்குப் பக்கத்தில் நிற்பதைப்போல, ஒரு கையைக் கதிரையின் விளிம்பில் ஊன்றிக்கொண்டு அவருக்குப் பக்கத்தில் நின்றார்.